ஓர் எச் குறைந்தது

அது வாயில் வராத எழுத்து.
ரைன் ஸ்டார் என்று கப்பலுக்குப் பெயர்.
தமிழில் எழுதினால், எச் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
ஒரே ரைன்தான்.
பேக்கிங் லிஸ்ட் அடிக்கும்போது அதை விட்டுவிட்டேன்.
மதியம் தயிர்சாதம்.
முந்தின இரவு இரண்டு மணிவரை
இடர் மேலாண்மை படித்த கண்.

ரோட்டர்டாம் வங்கி புதன்கிழமை எழுதியது:
ஆவணங்கள் ஏற்கப்படவில்லை.
நாலாயிரத்து எண்ணூறு குழந்தைச் சட்டைகள்,
நெஞ்சில் வாத்துப் படம் போட்டவை,
எங்கேயோ போய்க்கொண்டுதான் இருந்தன
எச் இருக்கிற கப்பலில்.

நாச்சிமுத்து சார் திட்டவில்லை.
மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டார்:
"ஏனுங்க அம்மிணி, என்னமோ படிக்கறேன்னு சொன்னீங்களே,
அது என்ன படிப்புங்க?"
எம்.காம்., வங்கியும் நிதியும்,
தபால்வழி, ரெண்டாம் வருசம் என்றேன்.
"ஓ" என்றார்.
அந்த ஓவுக்கு எத்தனை மார்க் என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அங்கேரிபாளையம் விடுதி மாடியில்
பன்னாட்டு வங்கியியல், அலகு நான்கு.
போன மாதமே அடிக்கோடு போட்டிருந்தேன், பச்சை மையில்:
வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கும்.
பக்கத்தில் 'முக்கியம்' என்று வேறு.
எதிர்க்கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அடிக்கோடு போட்டவளும்
பேக்கிங் லிஸ்ட் அடித்தவளும்
ஒரே ஆள்தானா?

சனிக்கிழமை வாரச் சம்பளம்.
நடைமுறை மூலதனச் சுழற்சி புத்தகத்தில்
அம்புக்குறி போட்ட வட்டம்.
இங்கே அது செக்கிங் டேபிள் பழனாத்தா அக்கா,
மகனின் வேன் காசு.
அயர்ன் போடும் தினேஷ்வர்,
சமஸ்திபூருக்கு அனுப்ப வேண்டிய மூவாயிரம்.
"பாங்குல ஏதோ தகராறாமா" என்றாள் அக்கா.
ஆமாங்க்கா என்றேன்.

சனிக்கிழமை மதியம் பரீட்சை, பல்லடம் ரோட்டில்.
ஹால் டிக்கெட்டில் நான்
வள்ளிநாயகி இல்லை, வல்லிநாயகி.
வாசலில்தான் கவனித்தேன். கை நடுங்கியது.
மேற்பார்வையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் முகத்தைப் பார்த்தார்.
"போயி உக்காருங்க, மணியடிச்சாச்சு."

பதினாலாம் கேள்வி:
கடனுறுதிக் கடித ஆவணங்களில் முரண்பாடு எழின்
விளைவுகள் யாவை? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

மூன்று பக்கம் எழுதினேன்.
கப்பலை மாற்றினேன். துறைமுகத்தை மாற்றினேன்.
சட்டையைத் துண்டாக்கி, வாத்தை எடுத்துவிட்டேன்.
அடித்தவளை 'எழுத்தர் ஒருவர்' ஆக்கினேன்.
பத்துக்கு எட்டாவது வரும்.

திரும்பி வந்தபோது காங்கேயத்துக்காரர் வந்திருந்தார்.
மஞ்சப்பையில் நாலு லட்சம்.
ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை அவர்.
ரெண்டு வட்டி,
பத்து நாளானாலும் ஒரு மாசக் கணக்கு,
எட்டாயிரம் முன்னாலேயே பிடித்தம்.
சும்மா இருக்க முடியாமல்
ஆண்டு வீதம் போட்டுப் பார்த்தேன்:
எழுபத்து நாலரை சதவீதம்.
எந்த அலகிலும் இது வராது.

எட்டரை மணிக்குச் சம்பளம் போட்டார்கள்.
"பாங்குல செரியாப் போச்சாட்ட இருக்குது"
என்று எண்ணிக்கொண்டே போனாள் அக்கா.
என் கவரை பஸ்ஸில் பிரித்தேன்.
ஒரு ரூபாயும் குறையவில்லை.
மறுபடி எண்ணினேன்.
குறைத்திருந்தால்
ஜன்னலோரம் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை அந்த எட்டாயிரத்தைக்
கணக்கில் ஏற்ற வேண்டியவளும் நான்தான்.
எந்தத் தலைப்பில் என்று சாரிடம் கேட்கவில்லை.
இதர செலவுகள் என்று அடித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன்.
பிழை இல்லை.